ஊசிக்கோடு

என் சித்தப்பா நொய்யல் வெள்ளத்தில் இறந்துபோனார் என்று எங்கள் குடும்பம் ஏழு ஆண்டுகள் நம்பியது. ஆண்டுதோறும் ஐப்பசியில் அவருக்குத் திதி கொடுத்தோம். பரங்கிக்காய் எங்கள் பக்கம் அரசாணிக்காய்; அவருக்குப் பிடித்த அந்தப் பொரியலைச் சமைத்து, முதல் பிடியைக் காக்கைக்கு வைத்து, காக்கை எடுத்ததும் அவரே வந்து உண்டதாக மனம் ஆறினோம். அந்த ஏழு ஆண்டுகளும் சித்தப்பா கல்கத்தாவில் ஒரு பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் நம்பிக்கைக்கு இருந்த ஒரே ஆதாரம் ஓர் உள்ளங்கை அகலத் துணி.

எங்கள் வீட்டார் நெசவாளிகள். அப்பாவின் இளமையிலேயே தறியை விட்டுப் பனியன் தொழிலுக்கு வந்துவிட்டோம். அதற்காக யாரும் வருந்தியதாக எனக்கு நினைவில்லை. அப்பாவுக்குக் கம்பெனியில் துணி பார்க்கும் வேலை. வட்ட மிஷினிலிருந்து குழாய்போல இறங்கும் துணியை ஒரு பலகையில் மாட்டி, சன்னல் வெளிச்சத்தில் மெல்ல நகர்த்திப் பழுது தேடுவார். மிஷினில் நூற்றுக்கணக்கான ஊசிகள் வட்டமாக நிற்கும். அவற்றில் ஒன்று வளைந்தாலும் துணியின் நீளம் முழுவதும் தலைமுடி போன்ற ஒரு கோடு விழும். அதற்கு ஊசிக்கோடு என்று பெயர். கோடு விழுந்த துணியைத் தனியே ஒதுக்கி, மட்டமான பனியன்களாகத் தைத்து, மூட்டை கட்டிச் சுற்றுவட்டாரச் சந்தைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எந்த மிஷின், எந்தப் பக்கத்து ஊசி என்று அப்பா சொல்லிவிடுவார். சொன்னது தவறியதில்லை.

இதனால் எங்கள் வீட்டில் துணிக்குத் தனி மரியாதை இருந்தது. மனிதர்கள் மழுப்புவார்கள், மறைப்பார்கள். துணி அப்படிச் செய்யாது என்பது அப்பாவின் உறுதியான எண்ணம். விருந்தாளி படியேறும்போதே அவருடைய சட்டைத் துணியைத்தான் எல்லோருடைய கண்ணும் முதலில் பார்க்கும். முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சித்தப்பா அதே கம்பெனியில் எட்டாம் மிஷினை ஓட்டினார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது, அவர் மனைவி சின்னம்மாவுக்கு இருபது. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, குழந்தை இல்லை. எட்டாம் மிஷினில் ஒரு மாதமாக ஒரே இடத்தில் ஊசிக்கோடு விழுந்துகொண்டிருந்தது. அப்பா பலமுறை சொன்னார். சித்தப்பாவுக்கு எதையும் நாளைக்குத் தள்ளிப்போடும் குணம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், அப்பா எல்லோர் முன்னிலையிலும் எட்டாம் மிஷின் துணியை முழுச்சுருளாகத் தரையில் போட்டு, "கண்ணு தெரியாதவன் மிஷின் ஓட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மாலையில் வீடு திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. மழையும் விடவில்லை, நொய்யல் இரு கரையும் வழிந்து ஓடியது.

பதினொன்றாம் நாள், வெள்ளம் வடிந்தபின், கீழ்க்கரையில் ஆவாரம் புதரில் ஓர் ஆணின் உடல் ஒதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். உயரமும் உடற்கட்டும் சித்தப்பாவைப் போலவே இருந்தனவாம். தண்ணீரில் கிடந்த முகத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்பா குனிந்து, உடலில் ஒட்டியிருந்த பனியனின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தை நோக்கி விரித்தார். கோடு தெரிந்தது. சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சிறு கத்தரியால், பழுதுத் துணியில் மாதிரி வெட்டிக்கொள்ளும் அதே பழக்கத்தில், ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். "எட்டாம் மிஷின்" என்றாராம். உடன் போன பங்காளிகள் வேறெதையும் பார்க்கவில்லை. துணி சொல்லிவிட்டபின் பார்க்க என்ன இருக்கிறது?

எட்டாம் மிஷின் துணியைத் தன் கையாலேயே ஒதுக்கி, மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு அனுப்பியவர் அப்பா. அதை வாங்கி உடுத்தியவர்கள் பத்து ஊர்களில் இருந்திருப்பார்கள். அது ஆற்றங்கரையில் அவர் நினைவுக்கு வரவில்லை. தான் தரையில் வீசிய துணியையே உடுத்திக்கொண்டு தம்பி ஆற்றில் இறங்கிவிட்டான் என்ற எண்ணம், அவர் கண்ணுக்கு முன்னால் வேறெதையும் வரவிடவில்லை. குற்ற உணர்வும் ஒருவகைக் குருட்டுத்தனம்தான் என்று இன்று தோன்றுகிறது.

உடல் வீட்டுக்குக் கொண்டுவரும் நிலையில் இல்லை. கரையிலேயே எரித்துவிட்டு ஈரத்துணியோடு அப்பா வந்தார். எனக்கு ஒன்பது வயது, கதவோரம் நின்றேன். சின்னம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாமா, இடது கால் பெருவிரலைப் பாத்தீங்களா? எடைக்கல்லு விழுந்து நகம் ரெண்டாப் பொளந்திருக்குமுங்க."

மிஷினிலிருந்து துணி சீராக இறங்குவதற்காகத் தொங்கவிடும் எடைக்கல், முந்தைய ஆண்டு சித்தப்பாவின் காலில் விழுந்திருந்தது.

அப்பா ஒரு கணம் நின்றார். "பாத்தேன் அம்மிணி" என்றார். பிறகு துணித்துண்டை எடுத்துக் காட்டினார். "இதைவிட என்ன கண்ணு வேணும்?"

சின்னம்மா அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் அழுதார்.

சித்தப்பாவின் புகைப்படம் எங்களிடம் இல்லை. ஆகவே திதியன்று அந்தத் துணித்துண்டே ஒரு பித்தளைத் தட்டில் விளக்கின் முன் வைக்கப்பட்டது. அதற்குச் சந்தனம் வைத்தோம். அதன் முன் விழுந்து வணங்கினோம்.

சின்னம்மாவுக்கு வெள்ளைப் புடவை கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் சமையலறைக்கும் கிணற்றுக்கும் இடையில் நடமாடினார். பிறகு ஒரு நாள், பிரசவ ஆஸ்பத்திரியில் உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள், போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டார். அம்மாவுக்குத் தயக்கம். ஆனால் சின்னம்மா கேட்ட எதையும் மறுக்கும் துணிவு அப்பாவுக்கு ஏனோ இருந்ததில்லை. ஏன் என்று எங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே தரையைத் துடைப்பதில் தொடங்கி, பயிற்சி பெற்று, பிரசவம் பார்க்கும் அளவுக்கு அவர் உயர்ந்தார். தெருவில் வெள்ளைப் புடவையைக் கண்டதும் சகுனம் பார்த்து ஒதுங்கிய பெண்களே, வலி வந்தபோது அவர் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. ஒரு நாள் அவர் கையில் வளைந்த நகத்தடங்களைப் பார்த்து நான் கேட்டேன். "எதிர்ல வந்தா ஆகாதுன்னு போன மாசம் திரும்பிப் போனாங்கல்ல, அவிங்க கண்ணு. ஆம்பளப் பையன்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஏழாம் ஆண்டு சித்திரையில், காலை வெயில் ஏறும் நேரத்தில், தகரப்பெட்டியோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தவர் முறத்தைக் கீழே போட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று உள்நோக்கி அப்பாவை அழைத்தார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"என்னங்கண்ணி, அரிசியெல்லாம் கொட்டிட்டீங்க" என்றார் வந்தவர்.

"பேசாதீங்க. மொதல்ல நிழலு தரையில விழுகுதான்னு பாத்துக்கறேன்."

"எனக்கு என்னங்கண்ணி? நல்லாத்தானுங்க இருக்கறேன்."

"நல்லா இருக்கறீங்களா? ஏழு வருசமா உங்களுக்குத் திதி குடுத்து, அரசாணிக்காய் ஆக்கி வெச்சு, காக்காவைக் கூவிக் கூவி என்ற தொண்டை போச்சு. நல்லா இருக்கறாராம்!"

சித்தப்பாவுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியபின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மொத மாசம் கோவத்துல கடுதாசி எழுதலைங்கண்ணி. ரெண்டாம் மாசம் வெக்கத்துல. அப்புறம் என்னன்னு எழுதறதுன்னே தெரியல" என்றார்.

சின்னம்மா வேலைக்குப் புறப்பட்டு வெளியே வந்தார். வந்தவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. இடது காலைப் பார்த்தார். பெருவிரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டு சிறு கூரைகள்போல வளர்ந்திருந்தது. பிறகு திரும்பி, நடையில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சின்னம்மா குடையை எடுத்துக்கொண்டு, "மூணு பேருக்கு வலி எடுத்திருக்குதுங்கக்கா, போயிட்டு வந்தர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

பங்காளிகளும் புரோகிதரும் கூடிப் பேசினார்கள். கருமாதி முடிந்த மனிதர் அப்படியே வீட்டுக்குள் வரக்கூடாது. மறுபடி பிறந்தாக வேண்டும். நீராட்டி, பெயர் வைத்து, காது குத்தி, பிள்ளைக்குச் செய்யும் சடங்கெல்லாம் செய்து, கடைசியில் சொந்த மனைவிக்கே மீண்டும் தாலி கட்ட வேண்டும். அதுவரை வெளியே நூல்மூட்டை வைக்கும் அறையில் தங்கலாம். அங்கேயே இலை போடலாம். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அண்ணி, சங்குல பால் ஊத்துவீங்களா, நானாக் குடிச்சுக்கலாமா?" என்று கேட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சின்னம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாங்கல்யம் திரும்பக் கிடைப்பதில் ஒரு பெண்ணுக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாள் குறிக்கும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சொன்னார்.

"இருங்க மாமா. எரிச்சது யாரைன்னு தெரிஞ்சுக்காம நான் மணையில உக்கார மாட்டேன்."

புரோகிதர் பஞ்சாங்கத்தை மடித்தார்.

"ஏழு வருசம் ஒருத்தருக்காக வெள்ளை கட்டியிருக்கறேன். அது இவருக்கு இல்லைன்னு ஆயிருச்சு. அப்ப யாருக்குன்னு தெரிய வேண்டாமுங்களா? அவருக்கும் ஒரு ஊடு இருக்குமுல்ல?"

புரோகிதர், அது முடிந்துபோன கதை என்றார். "முடிஞ்சது நம்மூட்லதானுங்களே" என்றார் சின்னம்மா.

எனக்கு அப்போது பதினாறு வயது. படிக்கக் கிடைத்ததையெல்லாம் படிக்கும் பருவம். ஆன்மா அழியாதது, உடல் சட்டையைப் போன்றது என்று படித்ததை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சின்னம்மாவிடம் சொன்னபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டையைப் பாத்துத்தான கண்ணு இத்தனையும் ஆச்சு" என்றார். அதற்குமேல் அந்த உவமையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா தேடத் தொடங்கினார். கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சந்தை சந்தையாகப் போனார். பொங்கலூர்ப் பக்கம், பல்லடம், அவிநாசி என்று, எட்டாம் மிஷின் பனியன் எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் போய், அந்த ஆண்டு ஐப்பசி மழையில் வீடு திரும்பாத ஆண்பிள்ளை யாராவது உண்டா என்று விசாரித்தார். ஒரு மாதத்துக்குப்பின் சந்தை வியாபாரி ஒருவர் சொன்னார்: சேவூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் மகன், திருப்பூருக்கு வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டு அந்த மழையில் புறப்பட்டுப் போனவன், திரும்பவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் சின்னம்மாவும் நானும் பேருந்தில் போனோம். துணித்துண்டை ஒரு காகிதத்தில் மடித்து அப்பா சட்டைப்பையில் வைத்திருந்தார். வழியெல்லாம் அவர் கை அடிக்கடி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயதிருக்கும். களத்தில் நிலக்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று கேட்கும் முன்பே மோர் கொண்டுவந்தார். "வெயில்ல வந்திருக்கறீங்க, குடிங்க சாமி. அப்புறம் பேசலாம்" என்றார். அப்பா, திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வருவதாகவும், அவர் மகனைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும் சொன்னார். அந்த முகம் மலர்ந்ததை என்னால் இன்றும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

"அவன்கிட்டருந்து தாக்கல் கொண்டு வந்திருக்கறீங்களா சாமி? எங்க இருக்கறான்?"

அப்பா வாய் திறக்குமுன் அவரே உள்ளே ஓடிப்போய் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து திறந்தார். உள்ளே பனியன்கள், மடிப்புக் கலையாமல், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஏழு.

"தீவாளிக்கு தீவாளி ஒண்ணு எடுத்துருவேன். பனியன் கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிப் போட்டுப் போனவன், நம்மூட்டுப் பனியன் இல்லாம வந்து நின்னா நல்லாவா இருக்கும்? போறப்ப மாரு முப்பது இஞ்சி. ஒல்லி. இப்ப சதை புடிச்சிருக்குமில்லீங்களா? அதான் போன வருசம் முப்பத்தி நாலு எடுத்தேன். பாருங்க, நீங்க கம்பெனிக்காரங்க, துணி நல்லதானுங்களா?"

அப்பா பழக்கத்தினால் ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த, முதல் ஆண்டுப் பனியனில் அவர் கட்டைவிரல் நின்றது. நானும் பார்த்தேன். அதே இடத்தில், அதே கோடு. எட்டாம் மிஷின் பனியன் அந்தச் சந்தைக்கு வந்திருக்கிறது. இந்த வீடு அதை வாங்கியிருக்கிறது. ஆற்றில் கிடந்தவர் இந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அந்தச் சந்தைக்கு வந்த வேறு யாராகவும் இருக்கலாம்.

"நல்ல துணிங்க" என்றார் அப்பா.

சின்னம்மா மெதுவாகக் கேட்டார். "உங்க பையனுக்கு ஒடம்புல அடையாளம் ஏதாச்சும் இருக்குங்களா?"

"இருக்குது கண்ணு. இடது கை சுண்டுவிரல் வளைஞ்சே இருக்கும். சின்னதுல ஏத்தக் கவுத்துல சிக்கினது." சொல்லிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்படி யாரையாச்சும் பாத்தீங்களா சாமி?"

அப்பாவின் கை சட்டைப்பையின் மேல் இருந்தது. உடலின் அடையாளத்தைப் பார்த்தீர்களா என்று அப்பாவிடம் ஒருவர் கேட்பது அது இரண்டாம் முறை. பக்கத்தில் சின்னம்மா அசையாமல் நின்றார்.

"இல்லீங்க" என்றார் அப்பா. "நான் பாக்கலீங்க."

அந்த அம்மா பனியன்களைத் திரும்ப மடித்து வைத்தார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "பாத்தா சொல்லுங்க. அம்மா கோவமா இல்லைன்னு சொல்லுங்க" என்றார். புறப்படும்போது என் கையில் ஒரு பை நிலக்கடலை கொடுத்தார்.

பேருந்துக்கு நடக்கும்போது, புளியமர நிழலில் அப்பா நின்றுவிட்டார். "அன்னிக்குக் காலைப் பாக்கல அம்மிணி. கையையும் பாக்கல. துணியை மட்டுந்தான் பாத்தேன். பாத்தேன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"தெரியுமுங்க மாமா. அவர் வாசல்ல வந்து நின்னப்பவே தெரிஞ்சுது."

"இப்ப என்ன பண்றது? அந்தம்மாகிட்டச் சொல்ல வேண்டாமா?"

சின்னம்மா தலையாட்டி மறுத்தார். "சொல்றதுன்னா நிச்சயமாச் சொல்லோணும். நிச்சயம் நம்மகிட்ட இல்லீங்க. ஒரு தடவை துணியைப் பாத்துச் சொன்னது போதும் மாமா. அவருக்குச் செய்ய வேண்டியதை நாம செஞ்சுட்டுத்தான இருக்கறோம்? அதை விடாமச் செய்வோம்."

பிறகு தன் முடிவைச் சொன்னார். வரும் ஐப்பசித் திதியை வெள்ளைப் புடவையோடு அவர் செய்வார். அந்த மனிதருக்காக அவர் கட்டிய வெள்ளை அன்றோடு முடியும். அதன்பின், சித்தப்பாவுக்குச் சம்மதமிருந்தால், தாலி கட்டிக்கொள்வார். வேலையை விடமாட்டார்.

அதுவரை சித்தப்பா நூல்மூட்டை அறையிலேயே இருந்தார். எட்டாம் மிஷினுக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் பதினொன்றாம் மிஷினை ஓட்டினார். ஊசி வளைந்தால் அன்றே மாற்றினார். ஐப்பசியில் அந்தத் திதி நடந்தபோது, அவர் வாசலுக்கு வெளியே நின்று, தன் பெயரில் ஏழு ஆண்டுகள் சோறு உண்டவருக்காகக் கைகூப்பினார். "எனக்கு வெச்சதை அவராச்சும் சாப்பிட்டாரே" என்றார். அம்மா அதற்கு மட்டும் திட்டவில்லை. தை மாதத்தில் முருகன் கோயிலில், ஏழு ஆண்டுக்கு முன் கழற்றிய கண்ணாடி வளையலும் எண்பது வயதுப் பங்காளியும் சாட்சியாக, சித்தப்பா மறுபடி பிறந்து மறுபடி மணந்தார். அந்த வளையல் ஜோடியைச் சின்னம்மா பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மனிதனின் மரணம் எங்கே நிகழ்கிறது என்ற கேள்வி அந்த ஆண்டில்தான் எனக்குள் வந்தது. பின்னாளில் ஆசிரியையாகி, எத்தனையோ நூல்களைப் படித்தேன். உயிரின் நிலைபேற்றைப் பற்றிப் பேசும் பெரியவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நான் கண்டது வேறு. கல்கத்தாவில் உயிரோடு இருந்த ஒருவர் எங்கள் வீட்டில் இறந்திருந்தார். நொய்யலில் இறந்த ஒருவர், ஒருவேளை, சேவூரில் ஆண்டுக்கு ஆண்டு சதை பிடித்துக்கொண்டிருந்தார். எது உண்மை என்று ஆற்றைக் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும்; அந்தப் பெட்டியைக் கேட்டால் இன்னொரு பதில். பிறவியின் பயன் என்ன என்று வகுப்பில் பெண்கள் கேட்கும்போது நான் பெரிய விடை எதுவும் சொன்னதில்லை. ஒருவருக்குரிய பங்கை, அவர் வந்து வாங்கிக்கொள்ளும்வரை குறையாமல் எடுத்துவைப்பது என்று மட்டும் சொல்வேன். அவர் வராமலே போகலாம். அதனால் எடுத்துவைத்தது வீணாவதில்லை.

சேவூர் அம்மா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கத்தில் காலமானார். நிலக்கடலை விற்க வந்த யாரோ சொல்லித் தெரிந்தது. சின்னம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, அதே வெள்ளைப் புடவையோடு போனார். வேலைக்கு அவர் கடைசிவரை அதைத்தான் உடுத்தினார். அங்கே இருந்த உறவினர்கள், "நீங்க யாருங்க? அடையாளம் தெரியலையே" என்று கேட்டிருக்கிறார்கள்.

"இவிங்க பையனுக்கு வேண்டியவங்க" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தோடு களத்தின் எல்லைவரை நடந்து போய் நின்றிருக்கிறார். பெட்டியில் பனியன்கள் முப்பத்தெட்டு அங்குலம் வரை வந்திருந்தனவாம். பாடை தூக்கியவர்களுக்கும் பறையடித்தவர்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்கள்.

சித்தப்பா இன்னும் சில ஆண்டுகள் இருந்தார். இரண்டாம் முறை இறந்தபோது மார்புச்சளியில், கட்டிலில், எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு இறந்தார். அப்பா அருகில் உட்கார்ந்து தம்பியின் இடது காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பா, அம்மா, கடைசியாகச் சின்னம்மா. தன் இறுதி நாட்களில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஐப்பசியை விட்டராத கண்ணு."

விடவில்லை. இந்த ஆண்டும் அரசாணிக்காய் சமைத்தேன். அது சித்தப்பாவுக்குப் பிடித்தது; ஆற்றில் கிடந்த மனிதருக்கு என்ன பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரிய வழியில்லாமல் போய்விட்டது. பித்தளைத் தட்டில் துணித்துண்டை வைத்தேன். பழுப்பேறிவிட்டது, ஆனால் சன்னலருகே பிடித்தால் கோடு இன்னும் தெரிகிறது. இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, காக்கை வரும்வரை காத்திருந்தேன்.

இப்போது இந்த வீட்டில் நானும், பெயர் தெரியாத அவரும் இருக்கிறோம்.